ஐந்து கால் சிலந்தி

மேடையேறப் பத்து நிமிடம்கூட இல்லை. பெரிய டிரம்மின் கறுப்புத் தோலில் ராக் குழுவின் சின்னமான ஐந்து கால் சிலந்தி முறைத்துக்கொண்டிருந்தது. ஆளுக்கு ஒரு கால், அவரவர் காலை அவரவரே வரைய வேண்டும் என்பது குழுவின் கணக்கு. கிட்டார்காரரைப் பாடகன் காலையில்தான் வெளியே தள்ளியிருந்தான். சொந்த அக்காள் புருஷன் என்றுகூடப் பார்க்கவில்லை, அடங்காப்பிடாரி.

குழுவுக்குத் திரையும் பலகையும் தீட்டும் அந்த அக்காவே கறுப்புச் சாயத்தோடு டிரம்முக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, அத்தான் காலை அழிச்சிடு. நாலு போதும்."

"அவர் கால் எதுன்னு காட்டு."

பாடகனின் விரல் ஒவ்வொரு காலாகத் தாவியது. மற்ற மூவரும், நமக்கெதற்கு வம்பு என்று ஓடிவந்து, தாங்கள் வரைந்த கால்களைக் கையால் பொத்திக்கொண்டார்கள். மிச்சம் இரண்டு. அச்சு அசலாக ஒரே வளைவு, ஒரே நகம்.

வெளியே கூட்டம் கத்தத் தொடங்கியது.

"இதுல உன்னுது எதுடா?"

அவன் குனிந்து உற்றுப் பார்த்தான். "இடது பக்கமா?"

"ரெண்டுமே அவர் வரைஞ்சது. அன்னைக்கு நீ எட்டிக்கூடப் பார்க்கலை. 'மாப்பிள்ளையை விட்டுட முடியுமா'ன்னு உனக்கும் சேர்த்துப் போட்டார்."

அக்கா தூரிகையை அவன் கையில் திணித்தாள்.

"ஒண்ணை நீயே அழி."