கேட்டுக்கு ஒரு ஆள்

"இங்கே என்ன பண்றே, மச்சான்?"

வணிக வளாகத்து மேனேஜர் அறைக்கு வெளியே, பெஞ்சில் உட்கார்ந்திருந்த டிக்கெட்காரர் நிமிர்ந்தார். எதிரே தங்கை புருஷன், ஏசி மெக்கானிக். இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை முறுக்கோடு நின்றான்.

"நீ எதுக்கு வந்தியோ அதுக்குத்தான், மாப்ளே."

உள்ளே இருந்தது ஒரே வேலை. கார் பார்க்கிங் கேட்டைத் தூக்கி இறக்க ஒரு ஆள்.

அவர் டிக்கெட் கொடுத்த தியேட்டரில் கவுண்டரையே மூடிவிட்டார்கள். டிக்கெட் போனிலேயே வந்துவிடுகிறது. அன்றிலிருந்து டிக்கெட்காரருக்குத் தங்கை வீட்டு முன்னறையில் ஓசிக் குடித்தனம். மெக்கானிக்குக்கோ மழைக்காலம் முழுக்கக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். முன்னறையை வாடகைக்கு விட்டால்தான் அடுப்பெரியும் என்று காலையில்கூட அவர் காதுபடவே பெண்டாட்டியிடம் கத்தினான்.

"வெயில் அடிச்சா உனக்கு வேலை தேடி வரும். எனக்கு எது அடிச்சா வரும்? விட்டுக்கொடு."

"கவுண்டர்ல கூட்டம் குறைஞ்சப்பவே வேற தொழில் கத்துக்கிட்டிருக்கலாம். நீ ஃபேனைப் போட்டுக் குறட்டை விட்டே."

மேனேஜர் இருவரையும் சேர்த்தே உள்ளே கூப்பிட்டார். "எத்தனை நாள் இருப்பீங்க?"

"ஆயுசு முழுக்க, சார்." மெக்கானிக் கூசாமல் சொன்னான்.

டிக்கெட்காரர் குறுக்கே புகுந்தார். இந்த வேலையும் போனால் தெருதான்.

"பொய் சார். இவன் ஏசி மெக்கானிக். வெயில் தலைகாட்டினதுமே உங்க கேட்டை அந்தரத்துல விட்டுட்டு ஓடிடுவான். நான் சாகுற வரைக்கும் இங்கேயே கிடப்பேன்."

மெக்கானிக்கின் முகம் செத்துப்போனது. மேனேஜர் சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. கோடையில தானா திறக்கிற கேட் வருது. அப்புறம் ஆளே வேணாம். போகமாட்டேன்னு மல்லுக்கட்டுறவரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" மெக்கானிக் பக்கம் திரும்பினார். "நாளைக்கே வந்துடுங்க."

படி இறங்கும்போது டிக்கெட்காரரின் குரலும் இறங்கியிருந்தது. "அதான் சம்பளம் வரப்போகுதே, மாப்ளே. ரூமை வாடகைக்கு விடவேணாம்ல?"

"வேணாம்தான். பூட்டியே கிடக்கட்டும்." மெக்கானிக் திரும்பிப் பார்க்கவில்லை. "உன் தங்கச்சி அழுவா. அழட்டும். இருட்டுறதுக்குள்ள பெட்டியைத் தூக்கிடு."