ஹொப்ஸ் இல்லாத நாலு போத்தல்

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் தகப்பன் பஸ்தியாம்பிள்ளை நீட்டிய பியரை மேர்வின் மாமா வாங்கவில்லை. "எனக்கு ஒத்துக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டு, சாராயப் போத்தலை எடுத்து வைத்தார். தனக்குச் சாராயத்தை டொக்டர் நிறுத்தச் சொல்லியிருக்கிறார் என்று பஸ்தியாம்பிள்ளை எழுந்து போனார். அதன்பிறகு அவர்கள் வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு குறைந்துவிட்டது.

"அப்பா பெருமை பிடிச்ச ஆள் எண்டு மாமனார் சொல்லித் திரியிறாராம்" என்றாள் மணப்பெண்ணான மாமாவின் மகள் றொசானி. அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மாமா பொய் சொல்லவில்லை. போன கிறிஸ்மஸுக்கு அரைக் கிளாஸ் பியர் குடித்து, உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுத்தான் தன்னாமுனை வீட்டுக்குத் திரும்பினார். கொழும்பில் செய்த தோல் சோதனையில் பார்லியும் ஈஸ்டும் ஒன்றும் செய்யவில்லை. ஹொப்ஸ் வைத்த இடம் மட்டும் ஐந்து ரூபாய்க் குற்றியளவு வீங்கியது. பியருக்குக் கசப்பும் மணமும் கொடுக்கிற பூ அது.

"அதைச் சம்பந்தியிட்டச் சொல்லலாமே மாமா" என்றேன்.

"முதலை கிடக்கிற வாவியில வலை இழுக்கிறவன் ஒரு பூவுக்குப் பயந்தான் எண்டு சொல்லச் சொல்றியா? நீ வந்தாறுமூலை கம்பசில ரசாயனம்தானே படிச்ச. அந்தப் பூ இல்லாம பியர் செய்ய ஏலாதா?"

சம்பந்தி வீட்டார் கலியாண நாள் குறிக்க வர நாலு கிழமை இருந்தது. எனக்கு வேலையும் இல்லை. ஓம் என்றேன்.

கடையில் பார்லி வாங்கி ஊறவைத்தேன். மூன்று நாளில் நாறியதே தவிர முளைக்கவில்லை. மாமி எட்டிப் பார்த்தார்.

"தோல் உரிச்ச பார்லி எப்பிடிப் புள்ள முளைக்கும்? இதுக்கா நாலு வருசம் படிச்ச?"

அடுத்ததாகக் குரக்கன் என்கிற கேழ்வரகை முளைக்கவைத்துக் காயவிட்டு, இடித்து, வெப்பமானியைப் பார்த்தபடி வெந்நீரில் வைத்தேன். சீலையில் வடித்து, கசப்புக்கு வேப்பம்பூவும் மணத்துக்குத் தோடம்பழத் தோலும் போட்டுக் கொதிக்கவிட்டேன். ஆறியதும் ஈஸ்ட் போட்டுப் புளிக்கவிட்டேன். பழைய பியர் போத்தல்களை லேபல் போகக் கழுவி நிரப்பி மூடியதில் ஐந்து தேறின.

ஒன்றைச் சோதனைக்குத் திறந்தோம். முதல் நாள் மாமாவின் முழங்கையில் ஒரு துளி. அடுத்த நாள் ஒரு தேக்கரண்டி. மாத்திரை கையில், முச்சக்கரவண்டி வாசலில். மாமா கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் அரைக் கிளாஸ் குடித்துவிட்டுப் பாட்டுப் பாடினார். மிச்சம் நாலு போத்தல்.

ஞாயிறு பூசை முடிந்து சம்பந்தி வீட்டார் வந்தார்கள். பஸ்தியாம்பிள்ளை தன் பங்குக்கு நாலு பியர் கொண்டுவந்திருந்தார். எல்லோரும் வாவிப் பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். மாமி தட்டத்தில் எட்டுப் போத்தல்களையும் மூடி கழற்றியே கொண்டுவந்து வைத்தார். எட்டிலும் ஒரே லேபல்.

"மாமி, இது என்ன?" என்று காதுக்குள் கேட்டேன்.

"லேபல் இல்லாட்டிக் கள்ளச் சாராயம், கசிப்பு எண்டெல்லோ நினைப்பாங்க. நீ கழுவி விட்டதைக் காயவச்சுச் சோத்துப் பசையில ஒட்டினன். வடிவா இருக்கா?"

அதற்குள் பஸ்தியாம்பிள்ளை ஒரு போத்தலை எடுத்து மாமாவின் கிளாஸிலும் தன் கிளாஸிலும் சரித்தார். மாமா சிரித்தபடி கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனார்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் நான் பேசுவதில்லை. வாய்மொழித் தேர்வில்கூட "ஓம் சேர்" என்பதுதான் என் நீளமான பதில்.

"மாமா, குடிக்காதீங்க. வையுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பஸ்தியாம்பிள்ளையின் முகம் இறுகியது.

"இண்டைக்கும் என்ட கையால குடிக்க ஏலாதாக்கும்" என்றார்.

றொசானி என்னைப் பார்த்தாள். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். உதடு வீங்கியது, ஊசி, பூ, குரக்கன், மாமியின் சோற்றுப்பசை. நிமிர்ந்தபோது மாமா வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூவா?" என்றார் பஸ்தியாம்பிள்ளை. "மேர்வின், ஒரு பூவை மறைக்கவா என்னை மூண்டு மாசம் கோபத்தில வச்சிருந்த? குடிச்சிட்டு விழுந்திருந்தா என்ட மகன்ட கலியாணம் என்னத்துக்காகும்?"

"சிரிப்பீங்க எண்டுதான்" என்றார் மாமா.

"சிரிப்பன்தான். அதுக்கு?"

நான் போத்தல்களை ஒவ்வொன்றாக வெயிலுக்குப் பிடித்தேன். குரக்கன் அடியில் மண்டியாகப் படிந்திருந்த நாலைப் பிரித்தேன். மாமாவுக்குப் புதுக் கிளாஸ் எடுத்து ஊற்றினேன். பஸ்தியாம்பிள்ளை தன் கிளாஸைப் புல்லில் கவிழ்த்துவிட்டு நீட்டினார்.

"எனக்கும் அதையே ஊத்து, மகள்."

ஒரு மிடறு குடித்து முகத்தைச் சுளித்தார்.

"வேப்பம்பூ" என்றேன்.

"வீட்டில ரசமும் இதுதான், இங்கயும் இதுதானா" என்றார். ஆனாலும் வைக்கவில்லை. மாமாவின் கிளாஸில் தட்டி, இன்னொரு மிடறு குடித்தார்.

நாள் குறிக்கிற பேச்சு ஒரு மணி நேரம் நடந்தது. வைகாசியா ஆனியா என்பதில் பஸ்தியாம்பிள்ளைக்குக் கவனமே இல்லை. இரண்டு நிமிடத்துக்கொரு தரம் குனிந்து மாமாவின் உதட்டைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"வீங்கயில்லையே?"