மூன்றாவது விசிலுக்குப் பிறகு

என் வீட்டுக்காரர் முத்துப்பாண்டிக்குக் கை சும்மா இருக்காது. நாகமலை புதுக்கோட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தார். 2006-இல் அவர் பார்த்த வேலையில் என் இரண்டாவது சிடி வராமலே போயிருக்கும்.

நான் கும்மிப் பாட்டு பாடுவேன். டவுனில் சின்ன ஆடியோ கம்பெனி வைத்திருந்த காசிமாயன் அண்ணன்தான் முதல் சிடியைப் போட்டார். ஊர் ஊராகத் திருவிழா மைக்செட்டில் அது ஓடியது. கல்யாணமாகி ஆறு வருசத்தில் என் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாத ஆள் என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான்.

இரண்டாவது சிடிக்கு நாள் குறித்த வாரம் காசிமாயன் அண்ணன் போன் செய்தார்.

"தாயி, உன் பாட்டு இன்டர்நெட்டுல திருட்டுத்தனமா சுத்துது. புருசனையும் கூட்டிட்டு வா."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், இவர் முழிக்கிற முழியே சரியில்லை.

"மாமா, நீதானா?"

"ஸ்ரீநாத் குரூப்புலதான் போட்டேன். அவங்கெல்லாம் வெளிய விடமாட்டாங்க."

ஸ்ரீநாத், வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் இருந்த இவருடைய கூட்டாளி. எழுபது பேர் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைத்து, ஒருவர் வைத்திருக்கும் பாட்டை இன்னொருவர் எடுத்துக்கொள்ளும் குரூப் ஒன்றை நடத்திவந்தார். தெரிந்தவர் சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். அதிலிருந்து என் வீட்டுக்காரர் முந்நூறு பாட்டு எடுத்திருக்கிறார். மொய் வாங்கிவிட்டுத் திரும்பச் செய்யாதவன் மனுசனே இல்லை என்று வளர்ந்தவர் வேறு.

"அம்புட்டுப் பேருட்டயும் வாங்கிட்டு நாம ஒண்ணும் செய்யலன்னா நல்லாவா இருக்கு? யார்ட்டயும் இல்லாததாச் செய்யணும்ல."

"மொய் வைக்க என் பொழப்புதான் கெடச்சுச்சா?"

வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன்.

கம்பெனிக்குப் போனால், காசிமாயன் அண்ணன் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை. மேஜையில் போலீசுக்கு எழுதிய புகார் மனு கிடந்தது. செய்தவர் பெயருக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்.

"யாருன்னு எழுதிக் கையெழுத்துப் போடு தாயி. போட்டா ரெண்டாவது சிடி உண்டு. இல்லன்னா இத்தோட முடிஞ்சுபோச்சு."

பேனாவை வாங்கினேன். அந்த சிடிக்காக இரண்டு வருசம் தவம் கிடந்திருக்கிறேன்.

"என் பேர எழுது" என்றார் இவர். இந்த மனுசனை எதில் சேர்ப்பது?

"மொதல்ல அந்தப் பாட்டப் போடுங்கண்ணே" என்றேன். நேரத்தைத் தள்ளிப் போடத்தான் கேட்டேன்.

காசிமாயன் அண்ணனும் கோபத்தில் முதல் இரண்டு அடிக்கு மேல் கேட்டிருக்கவில்லை. இப்போது அவர் கம்ப்யூட்டரில் பாட்டு முழுக்க ஓடியது. முடிகிற இடத்தில், பதிவுக்குள்ளேயே குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது, மூன்றாவது. பிறகு நான் எழுந்து ஓடும் கொலுசுச் சத்தம்.

காசிமாயன் அண்ணன் நிமிர்ந்தார். "என் ஸ்டுடியோவுல ஏது குக்கரு?"

"அது வீட்டுல நான் பதிஞ்சதுண்ணே" என்றார் இவர். "உங்ககிட்ட அக்ரிமெண்ட் போடுறதுக்கு முந்தி. உங்க சிடியத் தொடுவேனா?"

"இத மொதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"ரெண்டும் ஒரே பாட்டுத்தானே, எதப் போட்டாலும் தப்புன்னு நெனச்சேன்."

"நான் பதிஞ்சதுக்குத்தான்யா நான் சொந்தக்காரன். ஒன் வீட்டுக் குக்கருக்கு நான் என்ன கேஸ் போட?" மனுவை இரண்டாகக் கிழித்தார். குறித்த நாளில் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்னார்.

கம்ப்யூட்டரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. பதிவில் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு அதில் இவர் குரல், நான் அடுப்படிக்கு ஓடியபிறகு பக்கத்தில் ஆளில்லை என்று தனக்குத் தானே பேசியது.

"எம்புட்டு நல்லாப் பாடுறா. இவ போயி என்னயக் கட்டிக்கிட்டாளே."

இவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது சிவந்திருந்தது.

"சிடி வர்ற நேரம், குரூப்புல போட்டத எடுத்துரு தம்பி" என்றார் காசிமாயன் அண்ணன்.

"இன்னைக்கே எல்லாத்தையும் அழிச்சிர்றேண்ணே."

"பாட்ட அழி மாமா" என்றேன். "கடைசியில பேசுனதத் தொட்ட, பெறகு இருக்கு ஒனக்கு."