படத்தில் வராத தளபதி

வைக்கோல் அடைத்த அட்டைப்பெட்டியோடு வந்த ஞானதாஸ், பிரவுசிங் சென்டர் கல்லாவில் இருந்த செல்வநாயகியிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு நேராகப் பின்னறைக்குப் போனான். மேசைமேல் சண்டை நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. கட்டைவிரல் உயரப் பீங்கான் சிப்பாய்கள், ஒரு பக்கம் வெள்ளை, ஒரு பக்கம் பழுப்பு. நடுவே ஓட்டுத்துண்டுகளை அடுக்கிச் செய்த மலை. யாரோ தூசி தட்டியிருந்தார்கள்; ஆனால் ஒரு சிப்பாய்கூட இடம் மாறியிருக்கவில்லை. அவன் முதல் சிப்பாயை எடுத்து வைக்கோலில் படுக்கவைத்தான். வேலை செய்கிற பீங்கான் பட்டறையில் பொம்மைகளை அடுக்குகிற அதே கை, கேட்காமலே அடுத்ததை எடுத்தது.

செல்வநாயகியின் கணவன், அவனுடைய நண்பன் சக்கரபாணி இறந்து ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது. மாசி மகத்துக்கு முந்தின வாரம், மங்கலம்பேட்டையிலிருந்து பைக்கில் திரும்பும்போது, பின்னால் விளக்கில்லாத கரும்பு டிராக்டரில் மோதிவிட்டான். ஞானதாஸ் சுடுகாடுவரை போனான், அழவில்லை. மறுநாள் பட்டறைக்குப் போய் அச்சுகளில் களிமண் கூழ் ஊற்றினான். வீட்டில் தட்டு வைத்தால் சாப்பிட்டான். மாதா கோயிலில் எல்லோரும் முழங்காலிட்டபோது அவனும் முழங்காலிட்டான். பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே ஒரு பக்கம் மரத்துக் கிடந்தது. கிள்ளிப் பார்க்கவும் தோன்றவில்லை.

வெளிநாட்டுக்காரர்கள் மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்தி, ஸ்கேலால் அளந்து, பகடை உருட்டிச் சண்டை போடுவதை சக்கரபாணிதான் தன் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தான். "ஒனக்குத்தான் பீங்கான் கை வருமே, செய்யிடா" என்றான். சிப்பாய்களை ஞானதாஸ் செய்தான். ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் இங்கே வந்துவிடுவான். விளையாட்டைவிட அவர்களுக்குப் பிடித்தது அதைப் படமெடுப்பது. சிப்பாய்கள் பேசுவதுபோல ஞானதாஸ் தமிழில் எதையாவது சொல்ல, சக்கரபாணி அதை இங்கிலீஷில் மாற்றிப் படத்தின்மேல் எழுதி இண்டர்நெட்டில் போடுவான். 'எதிரி எவ்வளவு தூரம்?' 'ஆறு இஞ்சு.' 'நம்மால் எவ்வளவு நடக்க முடியும்?' 'நாலு இஞ்சு.' 'அப்போ அவனையே ரெண்டு இஞ்சு வரச் சொல்லுங்களேன்.' எங்கெங்கோ இருக்கிறவர்களெல்லாம் அதைப் படித்துச் சிரித்தார்கள்.

செல்வநாயகி கதவோரம் வந்து நின்றாள். அடுத்த வாரம் அவள் அண்ணன் இந்த இடத்தை செல்போன் ரீசார்ஜ் கடையாக்கப் போகிறான். பொம்மைகளை எடுத்துப்போகச் சொல்லி ஆள் அனுப்பியவளும் அவள்தான்.

"நீங்க இண்டர்நெட்டுல போட்டது எல்லாத்தையும் படிச்சங்கண்ணா. கடையில ஒக்காந்து வேற என்னா வேல? மொதல்லேருந்து படிச்சிட்டேன்."

அவன் கையிலிருந்த சிப்பாயைக் கீழே வைத்தான். அவள் பிளஸ் டூ முடித்தவள், இங்கிலீஷ் படிப்பாள் என்பதை அவர்கள் இருவருமே யோசித்ததில்லை.

"தளபதியம்மான்னு ஒருத்தி வர்றாளே. அவ பேரக் கேட்டாலே ரெண்டு படையும் ஓட்டுக்கு அடியில பூந்துக்குது. தெனமும் உப்புமா போட்டே ஒரு பட்டாளத்த முடிச்சிட்டான்னு இருக்குது. அது நான்தான?"

ஞானதாஸ் கீழே பார்த்தான். "ஆமாம்மா."

"நீங்க சொன்னதா, அவரு சொன்னதா?"

"உப்புமா அவன். ஓடி ஒளியறது நானு."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் நன்றாகக்கூட இருந்திருக்கும். அவள் உள்ளே வந்து, காலியாகிவிட்ட வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தாள்.

"ஒரு படத்துலயும் அவளக் காட்டவே இல்லயே?"

"நான் ஒரு பொம்ம செஞ்சி தரேன்னு சொன்னம்மா. அவன்தான் வேணாம்னுட்டான். கண்ணால பாத்துட்டா பயம் போயிடும்டான்னான்."

அவள் உதடு லேசாகக் கோணியது. சிரிப்பா என்று சொல்ல முடியாது.

"சண்ட என்னாச்சின்னு படிக்கிறவங்க கேட்டுக்கினே இருக்காங்கண்ணா. பூன தின்னுடுச்சான்னு ஒருத்தரு கேக்குறாரு. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுல்ல?"

"தெரியாது."

"நாம சொல்லவும் வேணாம்." அலமாரியிலிருந்த கேமராவைக் காட்டினாள். "கடைசியா ஒண்ணு போட்டுடலாங்கண்ணா. அவள காட்டிடுங்க."

பொம்மை இல்லையே என்று அவன் சொல்வதற்குள், பழுப்புச் சிப்பாய்களுக்கு நடுவே அவள் தன் கையை வைத்தாள். மேசைமேல் அந்தக் கை மிகப் பெரிதாக இருந்தது. மணிக்கட்டில் எண்ணெய் தெறித்த பழைய தழும்பு. மலை அவள் கைக்கு ஒரு சாண்கூட இல்லை. ஞானதாஸ் அலமாரியிலிருந்து கேமராவை எடுத்தான். சின்னத் திரையில் படையும் கையும் தெரிந்தன. தன் விரல் பொத்தானை அழுத்துவதை அவன் வேறு யாருடையதோ போலப் பார்த்தான்.

"என்னா எழுதறது? எனக்கு இங்கிலீசு வராதேம்மா."

"நான் எழுதறேன்." முன்னறையில் கல்லாவை ஒட்டியிருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். எழுதி முடித்து அவனுக்காகத் தமிழில் சொன்னாள்: "சோறு ஆறிப்போவுது. இன்னும் வூட்டுக்கு வராம என்னாடா சண்ட?"

ஞானதாஸ் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

படம் இண்டர்நெட்டில் மெதுவாக ஏறியது. டீ வாங்கிவரலாம் என்று வெளியே போனவன், வாங்காமலே திரும்பி வந்தான். படத்துக்குக் கீழே சின்னச் சின்னதாக வரிகள் முளைக்க ஆரம்பித்திருந்தன.

"என்னாம்மா சொல்றாங்க?"

"சிரிக்கிறாங்க. தளபதியம்மா வந்துட்டா, இனிமே ஒரு பய தப்ப முடியாதுன்னு ஒருத்தரு எழுதியிருக்காரு."

அப்போது கரண்ட் போனது. மின்விசிறிகள் சுற்றி ஓய்ந்தன. தடுப்புகளுக்குள் இருந்த திரைகள் அணைந்தன. யூ.பி.எஸ். கீச்சுக் கீச்சென்று கத்த, கல்லாவோரத் திரை மட்டும் எரிந்தது. "யக்கா, எப்பக்கா வரும்?" என்று ஒரு தடுப்புக்குள்ளிருந்து யாரோ கேட்டார்கள். செல்வநாயகி திரைக்கு வெகு அருகில் முகத்தைக் கொண்டுபோய், உதடு அசைய, அடுத்த வரியைப் படித்துக்கொண்டிருந்தாள்.