காரணம் எழுதும் கட்டம்

கட்டிலின் கடைசித் திருகை மெக்கானிக் கழற்றிக்கொண்டிருந்தபோது மச்சினி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அத்தான், அதை இன்னிக்கேவா பிரிக்கணும்? நாளைக்கு வாடகைக்கு விட்டவங்களே வந்து எடுத்துக்கிட்டுப் போக மாட்டாங்களா?"

"கையைச் சும்மா வெச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்ற?"

அவள் அடுப்படிக்குள் திரும்பிவிட்டாள். மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. போட்டுக்கொண்டு போன வெள்ளைச் சட்டையோடே தரையில் உட்கார்ந்து ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார் மனுஷர். அது தலைப்பக்கத்தை உயர்த்தித் தாழ்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டில். வந்த அன்றைக்கே கைப்பிடி கிறீச்சிடுகிறது என்று எண்ணெய் போட்டு வைத்தார். மனைவி அதில் படுத்திருந்தது மொத்தம் ஆறு நாள்.

அந்த ஆறு நாள்தான் அவருக்கு இன்னும் தொண்டையில் இறங்கவில்லை. டாக்டர் கையை விரித்தபோது, கையில் ஒன்றரை மாதம் இருக்கிறது, வீட்டில் இருங்கள், பிடித்தவர்களோடு இருங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார். இவளோ மறுநாள் காலை எட்டு மணிக்குப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். முப்பத்தொன்பது நாள் அப்படி நின்றாள். முப்பத்தொன்பது நாளும் இவர்தான் வேனில் கொண்டுபோய் ஆய்வகத்தின் கேட்டில் இறக்கிவிட்டார். முதல் வாரம் கெஞ்சினார், இரண்டாம் வாரம் கத்தினார், மூன்றாம் வாரத்திலிருந்து பேச்சையே விட்டுவிட்டார். ஒரே ஒரு தடவை, வேனை விட்டு அவள் இறங்கும்போது, "என்னைவிட அந்தக் கல்லு பெருசாப் போச்சா?" என்று கேட்டார். கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிய பிறகு, "முடிஞ்சதும் சொல்றேன்" என்றாள். நாற்பதாம் நாள் படுத்தாள். அதற்கப்புறம் பேச்சு எங்கே வந்தது? இரண்டு தடவை "சொல்றேன்" என்றாள், தூங்கிப் போனாள். கேட்டவர் கேட்டபடியே இருக்கிறார்.

கல் என்று அவர்தான் சொல்வார். அவள் வேலை பார்த்தது தேசிய ஆய்வகத்தின் எடைப் பிரிவில். நாட்டில் எந்தக் கடையில் எதை நிறுத்தாலும் அந்த எடைக்கெல்லாம் தாயாக ஒரு கிலோ அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. பளபளவென்று ஒரு உலோக உருளை. அதை வெறும் கையால் தொடக்கூடாது. தொட்டால் ரேகை படியும், ரேகைக்கும் எடை உண்டு. பக்கத்தில் ஆள் நின்றால் உடம்புச் சூட்டுக்கே தராசு ஆடிவிடும். இதையெல்லாம் கல்யாணமான புதிதில் கேட்டுவிட்டு, "நல்ல வேலைதான், பக்கத்துலயும் போகாம தொடவும் தொடாம" என்று கேலி செய்தார். அன்றிலிருந்து அவள் அவருக்கு எடைக்காரி. டாக்டர் பட்டம் வாங்கியவளுக்கும் பத்தாம் வகுப்பைத் தாண்டாத மெக்கானிக்குக்கும் எப்படி முடிச்சு விழுந்தது என்று சொந்தக்காரர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். வழியில் நின்றுபோன ஒரு ஸ்கூட்டர்தான் காரணம். அது வேறு கதை, இப்போது வேண்டாம்.

நான்கு மணிக்கு ஆய்வகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். எடைப் பிரிவின் தலைவி, மனைவியோடு பன்னிரண்டு வருஷம் ஒரே மேசையில் வேலை பார்த்த உதவி விஞ்ஞானி, கருவிகளுக்குக் கண்ணாடி ஊதித் தருகிற பெரியவர். மயானத்திலும் மூவரும் ஒரு ஓரமாக நின்றதை மெக்கானிக் பார்த்திருந்தார். வந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள் என்று நினைத்தால், நாற்காலியை வட்டமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.

"எங்க இடத்துல ஒரு வழக்கம் இருக்குங்க," என்றார் தலைவி. "யாராவது எங்களை விட்டுப் போனா, ரிட்டயர் ஆனாலும் சரி, இப்படின்னாலும் சரி, அவங்களோட வேலை பாத்தப்ப நாங்க பண்ணின தப்பை ஆளுக்கொண்ணு சொல்லுவோம். சாதனையப் பத்தி எல்லாம் பேச மாட்டோம். அதுக்குத்தான் மேடை இருக்கே. இங்க வெச்சு சொல்லலாமா? உங்களுக்குச் சங்கடம்னா வேண்டாம்."

"சொல்லுங்க. எனக்கென்ன புரியப் போகுது."

"உங்க வீட்டம்மா ஆரம்பிச்சு வெச்ச வழக்கம்தான் இது."

அதுவும் அவருக்குப் புதுச் செய்திதான். முப்பது வருஷம் ஒரு கூரைக்கடியில் இருந்தவளைப் பற்றி மூன்றாம் மனுஷர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கசந்தது. பிரித்த கட்டிலைச் சுவரோரம் சாய்த்துவிட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்.

கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "தராசு மேல கவிழ்க்க ஒரு மூடி ஊதினேன். உள்ள கடுகளவுக்கு ஒரு குமிழி விழுந்துடுச்சு. மறுபடி யாரு ஊதறதுன்னு, குமிழி மேலயே எங்க பிரிவு லேபிளை ஒட்டிக் குடுத்துட்டேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. லேபிளை ஏன் நட்டநடுவுல ஒட்டியிருக்கீங்கன்னாங்க. பாக்க லட்சணமா இருக்கட்டுமேன்னேன். லட்சணம் இருக்கட்டும், உரிங்கன்னாங்க."

மெக்கானிக்குக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒடுங்கின கதவின் மேல் ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது அவருடைய கடையிலும் நடக்கிற காரியம்தான்.

"அப்புறம் நாலு தடவை ஊதினேன். நாலு தடவையும் அம்மா உலைக்குப் பக்கத்துலயே நின்னாங்க. போங்க, சூடுன்னா கேக்கல. நீங்க மட்டும் கஷ்டப்படணுமான்னாங்க."

"என்னோடதைக் கடைசியில சொல்றேன்," என்றார் தலைவி. "நீ சொல்லும்மா."

உதவி விஞ்ஞானி மடியில் ஒரு கோப்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. "நான் பண்ணின தப்பு இப்பத்துதான். ரெண்டு மாசம் முன்னாடி. பழைய ஒரு கிலோ எடை ஒண்ணு மறுபரிசோதனைக்குத் திரும்பி வந்துச்சு. பதினோரு வருஷம் முன்னாடி அக்கா அளந்து குடுத்தது. இப்ப அளந்தா அந்த எண் வரல. ரொம்ப ரொம்பக் கொஞ்சம் வித்தியாசம், ஒரு வெங்காயத் தோலுகூட அதுக்கு மலை. அழுக்கு ஏறியிருக்கும்க்கான்னு சொன்னேன். கேக்கல. பழைய நோட்டைத் தேடி எடுத்தாங்க."

"சரி," என்றார் மெக்கானிக். காது தானாகக் கூர்மையானது.

"எடையத் தராசுக்குள்ள வெச்சா மூணு மணி நேரம் காத்திருக்கணும். சூடு அடங்காம அளந்தா எடை குறைச்சுக் காட்டும். நோட்டுல பாத்தா, உள்ள வெச்சது மூணு பத்துக்கு. அளந்தது மூணு அம்பதுக்கு. நாப்பதே நிமிஷம். ஆனா அறிக்கையில, கைப் பழக்கத்துல, மூணு மணி நேரம்னு எழுதியிருக்காங்க. அந்த ஒரு கிலோவ வெச்சு அப்புறம் பதினாறு எடை அளந்திருக்கு. நான் சொன்னேன், யாருக்கும் தெரியாதுக்கா, யாருக்கும் நஷ்டமும் இல்ல, உங்க உடம்பு இருக்கிற நிலைமையில விட்டுடுங்கன்னு. அதான் என் தப்பு. அக்கா என் முகத்தைப் பாத்துட்டு, உனக்குத் தெரியுதே, எனக்குத் தெரியுதேன்னாங்க. அதுக்கப்புறம் பதினாறையும் வரவழைச்சு, ஒண்ணொண்ணா அளந்து முடிச்சாங்க."

"எத்தனை நாள்ல?"

"முப்பத்தொம்பது நாள்."

மெக்கானிக் தலையை ஆட்டினார். ஆக இதுதான். நாற்பது நிமிஷக் கணக்குக்காக முப்பத்தொன்பது நாளைக் கொடுத்திருக்கிறாள். அவருக்குக் கோபம் வரவில்லை. இவள் இப்படித்தான், வேறு எப்படி இருப்பாள் என்றுதான் தோன்றியது. ஆனாலும் எங்கோ ஒன்று உறுத்தியது.

"அவ அவசரப்படற ஆளே இல்லையே," என்றார். "அன்னிக்கு மட்டும் ஏன்?"

"அந்த அறை அடுத்த நாள் வேற ஒருத்தருக்கு. அன்னிக்கு விட்டா அக்காவுக்கு மறுபடி முறை வர ஒரு மாசம் ஆகும். ஆனா அவசரமாக் கிளம்பினதுக்குக் காரணம் அது இல்லைன்னு நினைக்கிறேன். எண்ணுக்குப் பக்கத்துல பென்சில்ல மூணு வார்த்தை எழுதியிருக்காங்க. 'போன் வந்தது. போகிறேன்.' அவ்வளவுதான்."

"என்ன கிழமை?"

"வெள்ளிக்கிழமை. பயங்கர மழைன்னும் குறிச்சிருக்காங்க. ஈரப்பதத்துக்காக அதை எழுதுவோம்."

மெக்கானிக்கின் முகம் வெளுத்துப்போயிற்று. மச்சினி டீத் தட்டோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். "அத்தான், என்ன பண்ணுது? தண்ணி கொண்டு வரவா?"

"நான் ஒண்ணு சொல்லணும்," என்றார் அவர். "நான் உங்க ஆளு இல்லதான். ஆனா தப்புன்னா நானும் சொல்லலாமில்ல?"

தலைவி, "சொல்லுங்க" என்றார்.

"அந்தப் போன் நான் பண்ணினது."

பிறகு சொன்னார். கோர்வையாக வரவில்லை. அந்த வெள்ளிக்கிழமை மழையில் கடைக்கு ஒரு வண்டிகூட வரவில்லை. மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அந்த வாரம் முழுக்க அவள் எட்டு மணி, ஒன்பது மணி என்று வந்திருந்தாள். இருட்டிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடக்கூடத் தோன்றவில்லை. அவளைப் பார்க்க வேண்டும்போல இருந்தது. ஐம்பதை நெருங்குகிற ஆம்பிளை, வா, உன்னைப் பாக்கணும் என்று போனில் சொல்லுவானா? வாயில் வந்ததைச் சொன்னார்.

"ஜாக்கி சரிஞ்சு கை நசுங்கிடுச்சுன்னு சொன்னேன். நசுங்கல. ஒரு கீறல்கூட இல்ல. அவ நாலரைக்கெல்லாம் தொப்பலா நனைஞ்சு வந்து நின்னா. அதைப் பாத்த பிறகு எப்படிங்க உண்மையச் சொல்றது? துணியைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். டாக்டர் பிரிக்கக் கூடாதுன்னாருன்னு சொன்னேன். மூணு நாள் எனக்கு ஊட்டிவிட்டா. அதுக்காக லீவும் போட்டா." அவர் கண்ணைத் துடைக்கவில்லை. அது பாட்டுக்கு வழிந்தது. "பதினோரு வருஷமா அவகிட்ட சொல்லல. இப்ப பாத்தா, நான் விட்ட கதையைத்தான் அவ கடைசி மூச்சு வரைக்கும் சரி பண்ணியிருக்கா. நான் என்னடான்னா கேட்டுல இறக்கிவிட்டுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டு வருவேன்."

கண்ணாடிக்காரர் எழுந்து வந்து அவர் தோளில் கையை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தார். மச்சினி டீயை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தாள்.

"இப்ப என் முறை," என்றார் தலைவி. "முன்ன குடுத்த ஒரு அளவு தப்புன்னு திரும்பப் பெறணும்னா அதுக்கு ஒரு படிவம் இருக்கு. அதுல காரணம்னு ஒரு கட்டம். ஒரு வரி எழுதினா போதும். அவங்க கடைசியா வந்த அன்னிக்கு நிரப்பிக் கொண்டுவந்து குடுத்தாங்க. நான் படிச்சுப் பாத்துட்டு, இதெல்லாம் வெளிநாட்டு ஆய்வகங்களுக்குப் போற காகிதம், இப்படியா எழுதுவாங்க, 'அளந்தவரின் அவசரம்'னு மாத்திக் குடுங்கன்னு சொன்னேன். மாட்டேன்னுட்டாங்க. காரணம்னு கேட்டா காரணத்தைத்தானே எழுத முடியும்னாங்க. நான் கையெழுத்துப் போடாம மேசையில வெச்சுட்டேன். அவங்க வெறுங்கையோட வீட்டுக்குப் போனாங்க. அதுதான் என் தப்பு."

உதவி விஞ்ஞானியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் கோப்பைத் திறந்து ஒரு தாளை எடுத்தாள்.

"நேத்து நான் கையெழுத்துப் போட்டுட்டேன்," என்றார் தலைவி. "ஆனா இதுல உங்களைப் பத்தி இருக்கு. நீங்க சரின்னாதான் அனுப்புவோம். அதைக் கேக்கத்தான் முக்கியமா வந்தோம். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தெரியாம இருந்துச்சு."

மெக்கானிக் இரண்டு கையையும் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். கட்டம் சின்னதுதான். அதற்குள் அவளுடைய நுணுக்கி நுணுக்கி எழுதும் எழுத்து, கோடு தாண்டாமல் ஐந்து வரி.

"மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பது நிமிடம்தான் காத்திருந்தேன். கணவர் தொலைபேசியில் அழைத்து, கை நசுங்கிவிட்டதாகச் சொன்னார். பொய் என்று குரலிலேயே தெரிந்தது. ஆனாலும் போக வேண்டும்போல இருந்தது. போனேன். தவறு அளந்தவருடையது."

அவர் ஒரு தடவை படித்தார். உதடு அசைய அசைய மறுபடி படித்தார். மூன்று நாள் ஊட்டிவிட்டவள் ஒரு தடவைகூட அந்தத் துணியைப் பிரித்துக் காட்டச் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எதை எடுத்தாலும் சரிபார்க்காமல் விடாதவள்.

"அனுப்பலாமா?" என்றார் தலைவி.

"அனுப்புங்க. ஒரு எழுத்து மாத்த வேண்டாம்." பிறகு, "இன்னிக்கு ஒரு நாள் எங்கிட்ட இருக்கட்டுமா?" என்று கேட்டார்.

அலுவலகக் காகிதம் எதையும் வெளியே விடாதவர் என்று பேர் வாங்கிய அந்தத் தலைவி, "இருக்கட்டும்" என்றார்.

மச்சினி காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். "அக்கா என்னத்தான் எழுதியிருக்கா?" என்றாள் மெதுவாக.

மெக்கானிக் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும், அவளுக்கும் தெரிகிற மாதிரி தாளைச் சாய்த்து, கட்டைவிரல் எந்த எழுத்தையும் மறைக்காமல் ஓரத்தில் பிடித்துக்கொண்டார்.