கோல்கீப்பர் கண்ணைத் துடைத்தான்

விளையாட்டு மென்பொருள் கம்பெனியில் அவளுக்குக் குறை கண்டுபிடிக்கும் வேலை. வெளிவரப்போகும் விளையாட்டுகளை நாள் முழுக்க ஆடிப் பார்த்து, எது எங்கே சொதப்புகிறது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபீசில் 'குறைக்காரி' என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில் தம்பி அதற்கும் ஒரு படி மேலே போவான்.

"குறை சொல்றதுக்குச் சம்பளம் வேற தர்றாங்களா? வீட்ல அதை இலவசமாத்தானே பண்ணிட்டிருக்கே!"

விபத்தில் அடிபடாமல் தப்பியது அந்த வாய் மட்டும்தான். பைக் சறுக்கியதில் முதுகுத்தண்டில் அடி. இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலி. தோளும் முழங்கையும் சொன்னபடி கேட்கும். விரல்கள் மட்டும் பஞ்சு அடைத்த கையுறை மாதிரி கிடக்கும். வீடியோ கேமில் தெருவில் ஒருத்தனும் ஜெயிக்க முடியாத ஆட்டக்காரன், ஒரு பட்டனை அழுத்த வழியில்லாமல் போனதும் டிவியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டான்.

அப்போதுதான் அவள் ஆபீசுக்கு அந்தக் கேமரா வந்தது. கையில் எதையும் பிடிக்க வேண்டாம். பட்டனே கிடையாது. டிவிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு அது ஆளைப் பார்க்கும். ஆள் கையைத் தூக்கினால் திரையிலிருக்கும் பொம்மையும் தூக்கும், குதித்தால் குதிக்கும். இது உலகத்தையே புரட்டிப்போடும் என்று சில பத்திரிகைகள் எழுதின. ஒரு மாதக் கூத்து, அப்புறம் பரணுக்குப் போய்விடும் என்று மற்றவை எழுதின. அவளுக்கு அந்த வாக்குவாதம் எதுவும் காதில் ஏறவில்லை. பெட்டியைப் பிரித்த அன்று சாயங்காலமே ஓடிவந்து சொல்லிவிட்டாள்.

"விரலே வேண்டாம்டா! கை அசைஞ்சா போதும்!"

மறுநாள் காலையில் பார்த்தால் டிவி முன்பக்கம் திரும்பியிருந்தது. அம்மாவிடம் சொல்லித் திருப்பியிருக்கிறான். அணைந்து கிடந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து, கையைத் தூக்கி இறக்கிப் பழகிக்கொண்டிருந்தான். இருபது தடவை. மறுநாள் முப்பது.

சிக்கல் தெரிந்தது அதற்கடுத்த வாரம். கேமராவுக்குமுன் நெட்டை ஆள், குட்டை ஆள், தொளதொள சட்டை, இருட்டு அறை என்று எல்லாவற்றையும் வைத்துச் சோதித்தவர்கள், உட்கார்ந்து ஆடுகிறவர்களை மட்டும் மறந்திருந்தார்கள். அவளே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். பொம்மையின் கால்கள் பின்னிக்கொண்டன. இடுப்பு வரை தரைக்குள் புதைந்து, அப்படியே மறைந்தது. நாற்காலி எது, ஆள் எது என்று கேமராவுக்குத் தெரியவில்லை.

எழுதிக் கொடுத்தாள். 'அடுத்த பதிப்பில் பார்க்கலாம்' என்று திரும்பி வந்தது. மறுபடி எழுதினாள். மறுபடி அதே பதில். மூன்றாவது தடவை மேனேஜரின் மேஜைக்கு முன்னாலேயே போய் நின்றுவிட்டாள்.

"நீ விடமாட்டியேம்மா," என்றார் அவர். "புது மென்பொருள் போட்டிருக்கோம். உன் தம்பியையே கூட்டிட்டு வா. அவருக்கு வேலை செஞ்சா, குறை தீர்ந்துச்சுன்னு கையெழுத்துப் போட்டுடறேன். செய்யலேன்னா, வெளியீட்டைத் தள்ளிப்போடச் சொல்லி மேல நானே பேசறேன். சரியா?"

வெளியீட்டுக்கு இன்னும் மூன்றே வாரம்.

தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். "என்னடா, பொண்ணு பாக்கவா போறோம்?" என்று கேட்டதற்கு, "கேமரா என்னைத்தானே பாக்கப்போவுது? கொஞ்சம் லட்சணமா இருக்க வேண்டாமா?" என்றான். சோதனை அறையில் தரையில் ஒட்டியிருந்த மஞ்சள் கோட்டுக்குமேல் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். சக்கரப் பூட்டு ஒன்று சரியாகப் பிடிக்காது. அதனால் பின்னாலேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோல்கீப்பர் ஆட்டம். பந்து வரும், தடுக்க வேண்டும்.

திரையில் கோல்கீப்பர் எழுந்தான். கால் பின்னவில்லை, தரைக்குள் புதையவும் இல்லை. முழுசாக நின்றான்.

முதல் பந்து இடதுபக்கம் வந்தது. தம்பி இடது கையை வீசினான். கோல்கீப்பர் இடதுபக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். இரண்டாவது பந்து வலதுபக்கம். தட்டினான். மூன்றாவது தலைக்கு மேலே. அதையும்!

"அடிச்சேன் பாரு! அக்கா, பாத்தியா?" தம்பி கத்தினான். அவன் சத்தம்போட்டுச் சிரித்து இரண்டு வருஷம் இருக்கும். சோதனைக்கு வந்திருந்த நெட்டையன் விசில் அடித்தான். மேனேஜர் அங்கேயே கோப்பைத் திறந்து பேனா மூடியைக் கழற்றினார்.

அவளுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஒரு கையை எடுத்துப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

திரையில் கோல்கீப்பரும் கண்ணைத் துடைத்தான்.

"அட, வியர்வையைத் துடைக்கறான்ய்யா! ஆட்டத்துல இதை யாரு வெச்சது?" என்று மேனேஜர் சிரித்தார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. சின்ன வயசிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். தம்பி ஆடினால், பின்னால் நின்று பார்க்கும் இவள் உடம்பும் கூடவே சாயும், கை தானாக எழும்பும். இன்றைக்கும் அப்படித்தான் சாய்ந்திருக்கிறாள். நாற்காலியில் இருந்தவனை விட்டுவிட்டுக் கேமரா பின்னால் நின்றவளைப் பிடித்துக்கொண்டது.

வேறு யாருக்கும் தெரியவில்லை. தம்பி நாலாவது பந்துக்குக் கையை ஓங்கிக் காத்திருந்தான். மேனேஜரின் பேனா காகிதத்தைத் தொட்டுவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும், இந்த ஆட்டத்தை அவன் ஜெயித்துவிடுவான். அப்புறம் வீட்டில்? இவள் ஆபீசுக்குப் போன பிறகு, அவன் தனியாக டிவிமுன் உட்காரும்போது? அவனைப் போல எத்தனை பேர், எத்தனை வீடுகளில், பெட்டியை ஆசையாகப் பிரித்துவிட்டு?

"சார், கையெழுத்துப் போடாதீங்க," என்றாள்.

நெட்டையனைக் கூப்பிட்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிறகு மஞ்சள் கோட்டைத் தாண்டி, சுவர் ஓரமாக விலகி நின்றாள்.

கோல்கீப்பர் கால்கள் பின்னிச் சுருண்டான். தரைக்குள் இறங்கினான். காணோம்.

பந்து வந்தது. தம்பி வலது கையை வீசினான். பந்து வலைக்குள் போனது. இன்னொன்று வந்தது. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான். அதுவும் வலைக்குள். மூன்று, நாலு. ஒவ்வொன்றுக்கும் அவன் கையை வீசிக்கொண்டே இருந்தான். மேனேஜர்தான் பொறுக்கமாட்டாமல் போய்த் திரையை அணைத்தார்.

நடைபாதையில் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "மேல பேசறேம்மா. ஆனா மூணு வாரத்துல தள்ளிப்போட மாட்டாங்க. எனக்குத் தெரியும். பெட்டியில ஒரு வரி போட வெக்கறேன். 'நின்று ஆடுபவர்களுக்கு மட்டும்'னு. அது என்னால முடியும்."

தள்ளிப்போட மாட்டார்கள் என்று முன்னாலேயே தெரிந்துகொண்டா வரச் சொன்னீர்கள் என்று கேட்க வாய்வரை வந்தது.

வேனுக்காக வாசலில் நின்றபோது தம்பிதான் முதலில் பேசினான்.

"ரெண்டு நிமிஷம் கழிச்சு நகர்ந்திருக்கலாம் இல்ல? அந்த ஆட்டம் முடியட்டும்னு?"

"அவரு கையெழுத்துப் போட்டுட்டார்னா..."

"தெரியும்க்கா. உன் இடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் பண்ணியிருப்பேன்." புதுச் சட்டையின் கழுத்துப் பொத்தான் அவனை இறுக்கியது. முழங்கையைத் தூக்கி மணிக்கட்டால் தள்ளிப் பார்த்தான், அவிழவில்லை. அவள் குனிந்து கையை நீட்டினாள்.

"வேண்டாம்," என்றான். "நீ செஞ்சது சரிதான். ஆனா இன்னிக்கு ஒருநாள் என்கிட்ட பேசாதே."

வேன் வந்தது. அவள் பேசாமல் நாற்காலியை ஏற்றினாள்.