ரொக்கம் என்றால் இளக்காரமா?

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அக்காவுக்கு வலது தோளைத் தூக்கவே முடியாமல் போயிற்று. பகலெல்லாம் ஸ்டியரிங், வீட்டுக்கு வந்தால் துணி அலசல். இனி வாஷிங் மெஷின் வாங்காமல் ஆகாது என்று, ஒரு வருஷமாகச் சேர்த்ததைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தம்பியையும் வேனில் ஏற்றிக்கொண்டு பெரிய கடைக்குப் போனாள். தம்பி டீ குடித்தாலும் போனில்தான் காசு கொடுப்பான். "நோட்டைத் தூக்கிட்டு யாருக்கா இப்பல்லாம் கடைக்கு வர்றாங்க?" என்று வழி நெடுகக் கிண்டல்.

அவளுக்குப் பிடித்த மெஷினின் மேல் இருபத்தெட்டாயிரம் என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது.

"ரொக்கமாத் தர்றேன், பில் போடுங்க."

விற்பனையாளரின் சிரிப்பு சுண்டிப்போயிற்று. "ரொக்கம்னா முப்பத்திரண்டாயிரம் மேடம். ஒட்டியிருக்கறது தவணைக்காரங்க விலை."

"முழுசா முன்னாடியே கொடுக்கிறவளுக்கு அதிகம், கடன் சொல்றவங்களுக்குக் கம்மியா? இது எந்த ஊர் நியாயம்?"

"சலுகை அப்படித்தான் மேடம். ஒரே ஒரு கையெழுத்து. வட்டியே கிடையாது."

தம்பி விலாவில் இடித்தான். "போட்டுத் தொலைக்கா. நாலாயிரம் மிச்சம்."

அவர் நீட்டிய தவணைத் தாளை அவள் வாங்கி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பொடி எழுத்தையெல்லாம் விரல் வைத்துப் படித்தாள். விண்ணப்பக் கட்டணம். கேட்காத காப்பீடு. முன்கூட்டியே அடைத்தால் அதற்கும் ஓர் அபராதம்.

"கூட்டுடா," என்றாள்.

தம்பி போனில் தட்டினான். இன்னொரு தரம் தட்டினான். "முப்பத்துமூணு தாண்டுதுக்கா," என்றான், குரல் இறங்கி.

அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "வட்டியில்லாத கடனாம்! தலையைச் சுத்தி மூக்கைத் தொட்டா நாங்க பார்க்க மாட்டோமா? எங்க பணம் என்ன செல்லாக்காசா?"

சத்தம் கேட்டு மேலாளர் ஓடி வந்தார். அவளை ஓரமாக அழைத்துப்போய்க் குனிந்து சொன்னார்: "உங்களுக்கு மட்டும் ரொக்கத்துக்கே இருபத்தெட்டு போட்டுத் தர்றேன்மா. வெளிய சொல்லிடாதீங்க."

அதுதான் அவளை இன்னும் உசுப்பிவிட்டது. அப்படியென்றால் முடிகிற காரியம்தானே! வாயைத் திறக்காதவர்களை மட்டும் மொட்டையடிப்பதா? பக்கத்து மேஜையில் ஒரு தம்பதி அதே மாதிரித் தாளில் கையெழுத்துப் போடப்போனார்கள்.

"அண்ணே, பேனாவைக் கீழ வைங்க," என்றாள் கடை முழுக்கக் கேட்க. "ரொக்கத்துக்கும் இதே விலைதானாம். இப்பத்தான் காதுல சொன்னாரு."

அந்த மனிதர் பேனாவை மூடினார். அவர் மனைவி தாளைப் பிடுங்கிப் படிக்க ஆரம்பித்தாள். பின்னால் நின்ற இரண்டு பேர், "எங்களுக்கும் அதே விலைதானே?" என்று மேலாளரைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"அப்ப யாருக்குமே கிடையாது! முப்பத்திரண்டுதான்!" என்று மேலாளர் கத்தினார்.

"நீங்களே வச்சுக்குங்க," என்று அக்கா வெளியேறினாள். இரண்டு தெரு தள்ளி, ஒரு சின்னக் கடையில் அதே மெஷின் இருபத்தொன்பதுக்குக் கிடைத்தது. எந்த வழியில் கொடுத்தாலும் ஒரே விலை.

"அங்கயே வாயை மூடிட்டிருந்தா ஆயிரம் மிஞ்சியிருக்கும்," என்று தம்பி முனகினான்.

"மிஞ்சியிருக்கும். ராத்திரி தூக்கம் வந்திருக்காது. கடைப்பையனோட சேர்ந்து அந்தப் பக்கம் பிடிடா, வேன்ல ஏத்தணும்."